காத்திருப்பு அறையில் ஒருவர்

நவம்பர் 4, திங்கள்

நான் வந்து சேர்ந்துவிட்டேன். பெட்டி வந்து சேரவில்லை.

ரீகா விமான நிலையத்தில் இல்ஸே என் பெயர் எழுதிய அட்டையோடு நின்றாள். ஆவுடைச்செல்வி என்று ஆங்கிலத்தில் எழுத அட்டை போதாமல், கடைசி எழுத்துகளை ஓரத்தில் மேலிருந்து கீழாக இறக்கியிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இந்த ஓவியர் விடுதியை நடத்துவது அவள்தான். பெட்டி வரவில்லை என்றதும் தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டாள். கார் வரைக்கும் அவள் ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டே வந்தாள்.

விடுதி ஒரு காலத்தில் நூல் ஆலையாக இருந்த கட்டடம். மூன்றாம் மாடியில் எனக்கு ஓர் அறை, பெரிய மேசை, நல்ல விளக்கு. ஜன்னலுக்குக் கீழே டிராம் போகிறது. ஜனவரி முடியும்வரை இங்கேதான். ஊரைச் சுற்றி, முன்பின் தெரியாத மனிதர்களை வரைய வேண்டும். கடைசியில் ஒரு கண்காட்சி. அவ்வளவுதான் வேலை. சென்னையில் பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போட்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தும் காலத்தை ஓட்டியவளுக்கு, நாள் முழுக்க வரைவது மட்டுமே வேலை என்பது நம்ப முடியாததாக இருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் கிடைத்திருக்கிறது.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அங்கன குளிராட்டி?”

“குளிருதும்மா.”

“தலைல எதயாம் கட்டிக்கோ.”

நான் புது ஊருக்குப் போனால் அம்மா கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இன்று கேட்கவில்லை. லாத்வியாவில் போய் அதைக் கேட்டு என்ன பிரயோசனம் என்று நினைத்திருப்பாள்.

நவம்பர் 7, வியாழன்

பெட்டி வந்துவிட்டது. பருப்புப்பொடி பாக்கெட் உடைந்து துணியெல்லாம் பெருங்காய வாசனை. சாயங்காலம் நாலரைக்கே கும்மிருட்டு.

நவம்பர் 12, செவ்வாய்

பெரிய சந்தைக்குப் போனேன். ஆகாயக் கப்பல்களை நிறுத்தி வைக்கும் கொட்டகைகளாம் அவை, கொண்டு வந்து சந்தையாக்கியிருக்கிறார்கள். புகையில் வாட்டிய மீன், ஊறவைத்த முட்டைக்கோஸ், மலைமலையாக பீட்ரூட். மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி நான் வரைவதைப் பார்த்துவிட்டு, கத்தியைக் காட்டி ஏதோ திட்டினாள். தாளைத் திருப்பிக் காட்டினேன். மூக்கைச் சின்னதாக்கும்படி சைகை காட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு மீன் நறுக்கப் போய்விட்டாள்.

கை விறைத்து பென்சில் நிற்கவில்லை. பக்கத்திலேயே வெளியூர் பஸ் நிலையம். அங்கே காத்திருப்பு அறை கதகதப்பாக இருக்கிறது. இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பஸ் எண்ணைப் பார்க்கிறார்கள், போனைப் பார்க்கிறார்கள். வரைகிறவளுக்கு இதைவிட வசதி கிடையாது. இனி இங்கேயே வருவதாக முடிவு செய்துவிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் ஒருவர். மூன்று நாளாகப் பார்க்கிறேன். எந்த பஸ்ஸிலும் ஏறுவதில்லை. நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். தாடி, காதை மூடிய கம்பளித் தொப்பி, அளவு பெரிதான கோட்டு. இரண்டு கையையும் முழங்கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, யாரோ எழுந்திரு என்று சொல்லப் போகிறார்கள் என்பதுபோல முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்த உட்காரும் விதம் எனக்குத் தெரியும்.

ஏழு படம் வரைந்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

இல்ஸே காபி எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தாள். சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் வரிசையாகப் பார்த்தாள். எங்கள் இருவருக்குமே ஆங்கிலம் நிதானமாகத்தான் வரும், அதனால் சிக்கலில்லை.

“எல்லாமே ஆண்கள்” என்றாள்.

“ஆமாம்.”

“எல்லாருமே உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.”

“உட்கார்ந்த உடம்பைப் பற்றி ஆராய்கிறேன்” என்றேன். விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். தலையாட்டினாள். சந்தையில் வரைந்த மீன்காரியின் படம் எங்கே என்று கேட்டாள். மேசைக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து அவளே ஒட்டிவிட்டுப் போனாள்.

நவம்பர் 27, புதன்

இன்று அவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

குனிந்து தாடிக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பெஞ்சு காலி. என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மழையில் நனைந்த கம்பளி நாற்றம். தாளைக் கிழித்து எறிவார், ஆள் கூப்பிடுவார் என்று நினைத்தேன். மன்னிக்கச் சொல்லிக் கைகூப்பினேன்; எனக்கு வேறென்ன தெரியும்?

அவர் உட்கார்ந்து படத்தைக் கையில் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் தன் தாடியை ஒரு விரலால் தொட்டார், படத்தில் உள்ள தாடியைத் தொட்டார். கன்னத்தைப் பிடித்து இழுத்தார். சிரித்துவிட்டார். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமான சிரிப்பு.

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டு, வேண்டுமென்றே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டிசம்பர் 1, ஞாயிறு

அண்ணன் பேசினான். அவனாகப் போன் செய்வது அபூர்வம்.

“ஏ செல்வி, தை அமாவாசைக்குப் பாபநாசம் போவோம்லா, அப்பாவுக்குத் தர்ப்பணம் குடுக்க.”

“வருசா வருசம் போறதுதான.”

“இந்தத் தடவ லிங்கத்துக்கும் சேத்துக் குடுத்துருவோம்னு நெனைக்கேன்.”

கீழே டிராம் போனது.

“கேக்கா?”

“கேக்கு.”

“ஐயர்ட்டயும் கேட்டாச்சு. இத்தன வருசம் தாக்கல் தகவல் இல்லன்னா குடுக்கலாம்னுட்டாரு.”

“அவன் செத்துட்டான்னு யாரு சொன்னா ஒனக்கு?”

“உசிரோட இருக்கான்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“அம்மாட்ட குடு.”

“அம்மா படுத்துட்டா. நீ யோசிச்சுச் சொல்லு. ஒனக்குச் சம்மதமில்லன்னா அம்மையும் சம்மதிக்க மாட்டா. அதுக்குத்தான் கேக்குதேன்.”

லிங்கம் என் தம்பி. சங்கரலிங்கம். பாளையங்கோட்டை டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதைச் சாப்பிட்டால் தூக்கமும், சாப்பிடாவிட்டால் குரல்களும். அவனுக்கு இருபத்தெட்டு வயதாக இருக்கும்போது ஒரு நாள், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வாரேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எந்த பஸ்ஸில் ஏறினான் என்று பார்த்தவர்கள் இல்லை. ஏறினானா என்றே தெரியாது. இப்போது அவனுக்கு நாற்பத்தொன்று.

அம்மாவின் கேள்வி “பாத்தியா?” என்பது. திருப்பதி, நாக்பூர், விஜயவாடா, எங்கே போய் வந்தாலும். எழும்பூரில், தாம்பரத்தில், மதுரையில், காப்பகங்களில் எல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து வரைந்திருக்கிறேன். கையில் தாளும் பென்சிலும் இருந்தால் ஒரு முகத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உற்றுப் பார்க்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

இதையெல்லாம் எழுதியிருக்க வேண்டாம். பட்டாணி சூப் வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

டிசம்பர் 5, வியாழன்

தேநீர் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்தேன். ஆறிய பிறகு குடித்தார்.

அவர் பேசுவது லாத்விய மொழி இல்லை, ரஷ்ய மொழி என்று நினைக்கிறேன். இரண்டும் எனக்கு ஒன்றுதான். என் நெஞ்சைத் தொட்டு “செல்வி” என்றேன். அவர் தன் நெஞ்சைத் தொட்டு ஏதோ சொன்னார். ஒலிபெருக்கியில் பஸ் அறிவிப்பு வந்ததில் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்தது. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

டிசம்பர் 10, செவ்வாய்

அண்ணன் அனுப்பிய செய்திக்கு இன்னும் பதில் போடவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

ஊரில் இன்று கார்த்திகை. இங்கே ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன். எதிர்க் கட்டடத்தில் எல்லா ஜன்னலிலும் கிறிஸ்துமஸ் விளக்கு, அதனால் என்னுடையதும் அதோடு சேர்ந்துவிட்டது.

காத்திருப்பு அறைக்குப் போனால் பெஞ்சில் வேறு யாரோ. திரும்பிவிடலாம் என்று இருந்தபோது அவர் எழுந்து கை காட்டினார். தாடி போயிருந்தது! பஸ் நிலையக் கழிப்பறையில் சவரம் செய்திருக்கிறார். தாடையில் இரண்டு வெட்டு, தலைமுடியை ஈரத்தோடு பக்கவாட்டில் வாரியிருந்தார். தொப்பி பையில். கோட்டின் எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார், இல்லாத ஒரு பொத்தானுக்குப் பதில் ஊக்கு. தாளைக் காட்டி, தன் முகத்தைக் காட்டி, ‘ம்’ என்றார்.

போஸ் கொடுத்தார். நல்ல தாளில், நிதானமாக வரைந்தேன். வரையும்போது அவர் பேசிக்கொண்டே இருந்தார். இத்தனை நாளில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கதை சொல்வதுபோல ஏற்ற இறக்கத்தோடு, ஓரிடத்தில் சிரித்து, ஓரிடத்தில் நிறுத்தி. உதடு அசைவது மட்டும் எனக்குத் தொந்தரவாக இருந்தது. அசையாதீர்கள் என்று ஜாடை காட்டினேன். நிறுத்திக்கொண்டார்.

முடித்துக் காட்டியபோது சிரிக்கவில்லை. வாங்கிக்கொள்ளவும் இல்லை. நீயே வைத்துக்கொள் என்று என் பக்கம் தள்ளினார். எங்கே வைப்பார் அவர்?

டிசம்பர் 17, செவ்வாய்

காய்ச்சல். வெளியே பனி கொட்டுகிறது. இல்ஸே எலுமிச்சையும் தேனும் கொண்டுவந்தாள். ரசப்பொடியை வெந்நீரில் கரைத்து இரண்டு பேரும் குடித்தோம். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் மீண்டும் கேட்டாள்.

டிசம்பர் 21, சனி

காய்ச்சல் விட்டது. பஸ் நிலையம் போனேன். அவர் இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்றும் இல்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

இல்லை. வேறு இடம் கிடைத்திருக்கும். பண்டிகைக்கு எங்காவது சூடாகச் சாப்பாடு போடுவார்கள், அங்கே இருப்பார். அவருக்கென்று வீடு இருக்கலாம், யார் கண்டது. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பகலில் வந்து உட்காருகிறவராக இருக்கலாம். அப்படி எத்தனையோ பேர்.

டிசம்பர் 27, வெள்ளி

காத்திருப்பு அறையைத் துடைக்கிற பெண்ணிடம் படத்தைக் காட்டினேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். கையுறையைக் கழற்றினாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தலையைச் சாய்த்தாள். தூங்குகிறார் என்கிறாளா? புரியாமல் பார்த்தேன். அவள் கண்ணை மூடி, அப்படியே மூடி வைத்திருந்து, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அறைக்கு நடந்தே வந்தேன். டிராம் இருந்தது.

டிசம்பர் 30, திங்கள்

இல்ஸே பல இடத்துக்குப் போன் செய்து விசாரித்தாள். பத்தொன்பதாம் தேதி காலையில் கால்வாய்ப் பாலத்துக்கு அடியில் கிடந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்தபோது முடிந்துவிட்டது. குளிர். பையில் எந்த அடையாளச் சீட்டும் இல்லை. பெயர் தெரியாதவராக ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருக்கிறார்.

போலீஸ் நிலையத்துக்கு என்னையும் கூட்டிப்போனாள். அதிகாரி மரியாதையான ஆள். இறந்தவர் முகம் அடிபட்டிருக்கிறது, அந்தப் போட்டோவை வெளியிட முடியாது என்றார். அப்போது இல்ஸே என் பைக்குள் கைவிட்டு அந்தச் சவரம் செய்த படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இதை நகலெடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

கொடுங்கள் என்றேன். அவர் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார். எனக்குச் சொன்னார், நான் கேட்டுக்கொள்ளவில்லை என்று எப்படிச் சொல்வது. தெரியாது என்றேன்.

ஜனவரி 3, வெள்ளி

ஒன்றும் வரைய முடியவில்லை. தலையணை உறை துவைத்தேன்.

இல்ஸே கண்காட்சிச் சுவரைப் பற்றிப் பேசினாள். அவருடைய படங்களை மட்டும் வரிசையாக வைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்கிறாள். “இந்த நகரம் பார்க்காமல் விட்ட மனிதனை நீ பார்த்தாய்.” அவள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறாள். நான் யாரைப் பார்த்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 8, புதன்

அக்கா ஒருத்தி இருக்கிறாள். தாவ்கவ்பில்ஸ் என்ற ஊரில், இங்கிருந்து ரயிலில் மூன்றரை மணி நேரம். பத்திரிகையில் படத்தைப் பார்த்துவிட்டுப் போலீஸுக்குப் பேசியிருக்கிறாள். அவர் பெயர் விக்டோர்.

விக்டோர். விக்டோர். சொல்லிப் பார்த்தேன். அன்றைக்குக் கேட்டது இதுதானா என்று நினைவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

லுத்மிலா. பருத்த உடம்பு, சிவந்த கைகள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலையாம். பிணவறையிலிருந்து நேராக விடுதிக்கு வந்தாள், படம் வரைந்தவளைப் பார்க்க வேண்டும் என்று. கையில் ஒரு பை. தம்பிக்குப் போட கோட்டும் சூட்டும் புதுக் காலுறையும் ஷூவும் கொண்டுவந்திருந்தாள். ஷூவை மட்டும் பிணவறைக்காரர்கள் வாங்கிக்கொள்ளவில்லையாம். கால் வீங்கியிருப்பதால் நுழையாது என்றார்களாம். அதை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நடுவே இல்ஸே. லுத்மிலா ரஷ்ய மொழியில் சொல்ல, இல்ஸே எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

குடியால் வேலை போனது, பெண்டாட்டி போனாள், அப்புறம் அம்மா செத்ததற்கு வந்தவன் சொல்லாமல் கிளம்பிவிட்டான். எட்டு வருடமாகத் தேடியிருக்கிறாள். ரீகாவுக்கே எத்தனையோ தடவை வந்து தேடியிருக்கிறாள். அந்தப் பஸ் நிலையத்தில்தான் ஒவ்வொரு முறையும் இறங்குவாளாம்.

“அவன் உன்னிடம் பேசினானா?”

“பேசினார்.”

“என்ன பேசினான்?”

“எனக்கு மொழி தெரியாது.”

“என் பேரைச் சொன்னானா? லூசியா என்றுதான் கூப்பிடுவான். லூசியா என்று ஏதாவது?”

இல்ஸே இதை மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அன்றைக்கு அவ்வளவு நேரம் பேசினாரே. ஒரு சத்தம்கூட ஞாபகத்தில் இல்லை. நான் மூக்கின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையாதீர்கள் என்று சொன்னேன்.

“தெரியவில்லை” என்றேன். “ஆனால் ஒரு நாள் சிரித்தார். சத்தமாக.”

“சிரித்தானா? வீத்யாவா?” விக்டோரை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அழுதாள். இந்த ஊருக்கு வந்து யாரும் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். இல்ஸே தண்ணீர் எடுக்கப் போய் வெகுநேரம் திரும்பவில்லை.

நான் சவரம் செய்த படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பார்த்தாள், முத்தமிட்டாள், மேசையில் வைத்துவிட்டாள். சுவரைக் காட்டி ஏதோ சொன்னாள். அதற்குள் இல்ஸே வந்துவிட்டாள்.

“இந்த முகம் எனக்குத் தெரியும். அதைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தத் தாடிக்காரனைக் கொடு. நான் இல்லாதபோது இருந்தவனைக் கொடு.”

எல்லாவற்றையும் கழற்றினேன். பெஞ்சில் உட்கார்ந்தது, தேநீர் குடித்தது, தூங்கியது, கைகளை முழங்காலுக்கு நடுவே செருகியது. ஒன்றுகூட விடவில்லை. ஒட்டியிருந்த தடங்களோடு சுவர் மொட்டையாக நின்றது. இல்ஸே தாள்களைச் சுற்றிக் கட்ட ரிப்பன் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

ஜனவரி 14, செவ்வாய்

தாவ்கவ்பில்ஸில் அடக்கம். இல்ஸேயும் நானும் ரயிலில் போனோம். வழியெல்லாம் பிர்ச் மரங்களும் வெள்ளை நிலமும். ஊரில் பொங்கல், அம்மா பொங்கிட்டா என்று மட்டும் மதினி போனில் செய்தி அனுப்பியிருந்தாள்.

ஆறேழு பேர்தான். விக்டோரின் அம்மா கல்லறைக்குப் பக்கத்திலேயே குழி. மண் உறைந்து கிடந்ததால் இயந்திரம் வைத்துத் தோண்டியிருந்தார்கள். பாதிரியார் பாட்டாகவே எல்லாம் சொன்னார். லுத்மிலா ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டாள். அது மண்ணாக விழவில்லை, கட்டியாக விழுந்து பெட்டியில் தட்டியது. அந்தச் சத்தத்துக்கு அவள் தலையை ஆட்டினாள், யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல.

பிறகு அவள் வீட்டில் சாப்பாடு. கஞ்சிபோல இனிப்பு கலந்த கோதுமை, அப்பம், மீன். விக்டோருக்கு ஒரு கோப்பை ஊற்றி அதன்மேல் ரொட்டித்துண்டு வைத்திருந்தார்கள். லுத்மிலா எனக்குத் தட்டு நிறைய வைத்தாள். என் தோளைப் பிடித்து, நீதான் அவனைக் கண்டுபிடித்துக் கொடுத்தாய் என்று இல்ஸேயை விட்டுச் சொல்லச் சொன்னாள். அவள் முகம் அன்றைக்கு வந்த முகமாக இல்லை. வீங்கியிருந்தது, ஆனால் பாரம் இறங்கிய முகம். இன்றைக்குத் தூங்குவாள்.

எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. தம்பியைக் குழியில் வைத்துவிட்டு வந்தவள்மேல். அவள் கையால் பரிமாறியதைச் சாப்பிட்டுக்கொண்டே.

லிங்கமும் எங்காவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தமிழ் தெரியாத யாரிடமாவது பேசியிருப்பான். அவர்களும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஜனவரி 20, திங்கள்

அம்மாவே பேசினாள். விக்டோரைப் பற்றி அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

“ஒங்க அண்ணனக் குத்தம் சொல்லாத. நாந்தாம்ட்டி குடுப்போம்னு சொன்னேன்.”

“நீயாம்மா?”

“நான் போயிட்டா அவனுக்குன்னு யாரு நெனச்சுக் குடுப்பா? ஒங்க அண்ணன் அவன் அப்பனுக்குக் குடுக்கதே பெரிசு.”

“அவன் இருக்கான்மா. இருந்தான்னா?”

“இருந்தான்னா இருக்கட்டும். உசிரோட இருந்தா எவளாவது ஒருத்தி ஒரு வாய்ச் சோறு போடுவா. நீ அந்த மனுசனுக்கு டீத்தண்ணி வாங்கிக் குடுத்தேல்லா, அது மாதிரி. செத்திருந்தா? நாமதானட்டி குடுக்கணும். வேற யாரு குடுத்தாலும் அவனுக்குச் சேராதுல்லா. பசியோட அலைவான்லா.”

இத்தனை வருடமாக “பாத்தியா?” என்று கேட்டவள் இவள்தான். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, அவள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள்.

“சரிம்மா. குடுங்க.”

“நீ மனசறிஞ்சு சொல்லணும்.”

“மனசறிஞ்சுதான் சொல்லுதேன்.”

பொய்.

ஜனவரி 24, வெள்ளி

கண்காட்சியில் என் சுவரில் மீன்காரி இருக்கிறாள், வேறு நாலைந்து பேர் இருக்கிறார்கள். சவரம் செய்த படத்தை வைக்கவில்லை. லுத்மிலா விட்டுப்போனாள் என்பதற்காக அது என்னுடையதாகிவிடாது. இல்ஸேவுக்கு வருத்தம்தான். காட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் ரசம் கேட்டு வந்தாள். என் தம்பியைப் பற்றி அவளிடம் சொன்னேன். கடைசியில், அவன் எப்படி இருப்பான், ஒரு படம் போட்டுக் காட்டேன் என்றாள்.

பென்சிலை எடுத்தேன். இருபத்தெட்டு வயது முகம் உடனே வந்தது. அதற்கு வயதேற்றத் தொடங்கினேன். நெற்றியை ஏற்றினேன், கன்னத்தைக் குழித்தேன், தாடி வைத்தேன். எந்த வழியில் போனாலும் விக்டோர் வந்து நின்றார். இல்ஸேயும் அதைப் பார்த்துவிட்டாள். தாளை மெல்ல என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை.

இங்கே விடிந்தும் விடியாமலும் இருக்கும்போது மதினி வீடியோவில் கூப்பிட்டாள். பாபநாசம் படித்துறை முழுக்கக் கூட்டம். தாமிரபரணியில் தண்ணீர் நன்றாகப் போகிறது. அண்ணன் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். முதுகு அப்பாவின் முதுகு மாதிரி ஆகிவிட்டது. அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் சொல்லி முடித்தான்.

“அடுத்து யாருக்கு?” என்று ஐயர் கேட்டார்.

“தம்பிக்கு.”

“பேரு?”

“சங்கரலிங்கம்.”

“நட்சத்திரம்?”

“பூரட்டாதி” என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“எப்பம் தவறினாரு? திதி என்ன?”

அண்ணன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். மதினி போனைத் திருப்பினாள். அம்மா படியில் நின்றிருந்தாள், சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் ஆகட்டும் என்று நெருக்கினார்கள்.

“தெரியாது சாமி” என்றான் அண்ணன்.

“சரி, அமாவாசைன்னே வச்சுக்கிடுவோம்.”

எள்ளும் தண்ணீரும் அவன் கைவழியே ஓடின. பிண்டத்தை ஆற்றில் விட்டான். மீன்கள் வந்து மொய்த்தன. மூன்று முறை முங்கி எழுந்தான். அவ்வளவுதான். அடுத்த ஆள் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மதினி அம்மாவிடம் போனைக் கொடுத்தாள். அம்மாவுக்கு வீடியோவைப் பார்த்துப் பேச வராது. காதில் வைத்துக்கொண்டாள். எனக்கு அவள் காதும் வெள்ளை முடியும்தான் தெரிந்தன.

“முடிஞ்சிட்டுட்டி.”

“பாத்தேன்மா.”

“அந்த ஊர்ல தம்பி செத்து ஒருத்தி வந்தான்னியே. அவ அழுதாளா?”

“அழுதா.”

“நல்லா அழுதாளா?”

“நல்லா அழுதாம்மா.”

ஆற்றின் இரைச்சலும் ஐயர்களின் குரல்களும் கேட்டுக்கொண்டிருந்தன.

“எனக்கு அழுக வரலட்டி” என்றாள். “தண்ணியில எறங்கி நின்னேன். அழணும்னுதான் நின்னேன். வரல.”

எனக்கும் வரவில்லை. அம்மா போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவள் காதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.